இரண்டாவது தடவை ட்ரையத்லனுக்கு இறங்குகிறவர்கள் கேட்டவை

போன ஞாயிறு கொழும்புக் காலிமுகத்திடலில் ஓடி முடித்துக் குந்தியிருந்தபோது ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புங்கள், எழுதியே பதில் தருகிறேன் என்றேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒரு தடவை ட்ரையத்லனில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற பந்தயத்தில், ஓடி, அடிபட்டு, மறுபடியும் வரப் பார்க்கிறவர்களுடையவை. நானும் அப்படி வந்தவள்தான். மருத்துவரும் இல்லை, சான்றிதழ் பெற்ற பயிற்றுநரும் இல்லை. பகலில் கணக்கு எழுதுகிறவள், விடியற்காலையில் மட்டும் விளையாட்டு வீராங்கனை.

போன வருடம் ஒலிம்பிக் தூரத்தை (1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம்) ஒருமாதிரி முடித்தேன். ஓட்டத்தில் பாதி நடைதான். இந்த முறை பயிற்சியை இரட்டிப்பாக்கினால் போதுமா அக்கா? (தெஹிவளைத் தம்பி)

இரட்டிப்பாக்காதீர்கள் தம்பி. முதலில் எங்கே உடைந்தது என்று பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதன்முதலாக அயர்ன்மேன் 70.3 என்ற நீண்ட ட்ரையத்லன் நடந்தபோது நானும் இறங்கினேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மைலில் கூட்டினால் 70.3. ஓட்டத்தின் 13ஆவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. தெரு விளக்குக் கம்பம் ஒன்றைப் பிடித்தபடி நின்றது இன்னும் நினைவிருக்கிறது. மிச்சத்தை நடந்தே முடித்தேன். ஓட்டம் மட்டும் 2 மணி 58 நிமிடம்.

வீட்டுக்கு வந்து "ஓட்டப் பயிற்சி போதவில்லை" என்று முடிவு கட்டி, மூன்று மாதம் ஓடு ஓடு என்று ஓடினேன். மிச்சம் முழங்கால் வலிதான். பிறகு ஒருநாள் கைக்கடிகாரத்தில் பதிவானதைத் திறந்து பார்த்தால், சைக்கிளின் முதல் 30 கிலோமீட்டரில் என் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 155க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆட்கள் கைதட்டினார்கள், நான் மிதித்தேன், அவ்வளவுதான். கால் செத்தது 13ஆவது கிலோமீட்டரில் என்றாலும், அதைக் கொன்றது மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால்.

2019 பெப்ரவரியில் மறுபடி வந்தேன். சைக்கிளில் இதயத்துடிப்பு 140ஐத் தாண்டுவதில்லை என்று கைப்பிடியில் பிளாஸ்டர் ஒட்டி எழுதி வைத்தேன். முந்திப் போனவர்களைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது. சைக்கிளில் 12 நிமிடம் கூடியது, ஓட்டத்தில் 32 நிமிடம் குறைந்தது.

அதனால் நீங்களும் ஒரு தாளில் போன வருடப் பந்தயத்தை அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக எழுதுங்கள். எப்போது குடித்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது மனம் விட்டது. நடக்கத் தொடங்கிய இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். காரணம் அநேகமாக சைக்கிளில் இருக்கும், இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும். அப்புறம் பயிற்சி அட்டவணை போடலாம்.

காலை எட்டரைக்கு அலுவலகம், இரண்டு பிள்ளைகள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும்?

ஒலிம்பிக் தூரத்துக்கு ஏழு எட்டு மணித்தியாலம் ஒழுங்காகக் கிடைத்தால் தாராளம். ஒழுங்காக என்பதுதான் முக்கியம். ஒரு கிழமை பன்னிரண்டு, அடுத்த கிழமை இரண்டு என்றால் உடம்பு குழம்பிப்போகும். மூன்று கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நாலாவது கிழமை குறையுங்கள்.

கொழும்புக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது: மாதாமாதம் போயா (பௌர்ணமி) விடுமுறை. விடிய ரோட்டில் வாகனம் குறைவு. நீண்ட சைக்கிள் ஓட்டத்தை அந்த நாளுக்கு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மிஞ்சும். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை நாளை மட்டும் விட்டுவிடுங்கள், அன்று தெருவெல்லாம் சனம்.

நீச்சல் தடாகத்தில் 1500 மீட்டரை 38 நிமிடத்தில் முடிப்பேன். கடலில் இறங்கினால் நூறு மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. போன முறை படகைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். (வெள்ளவத்தை)

இதைக் கேட்க வெட்கப்பட்டேன் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த முறை வந்த கேள்விகளில் நாலு இதேதான்.

பயம் வந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்போம், வெளியே விட மாட்டோம். நெஞ்சு நிறையக் காற்று இருக்கும், ஆனாலும் காற்றுப் போதவில்லை போலத் தோன்றும். மருந்து ஒன்றுதான்: முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது குமிழி விட்டு ஊதுங்கள். வேண்டுமானால் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே நீந்துங்கள், முனகினால் மூச்சு தானாக வெளியேறும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் கல்கிசையில் ஒரு வயதான மீன்பிடிகாரர். ட்ரையத்லன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

விதியையும் தெரிந்து வைத்திருங்கள். படகையோ, பாதையைக் காட்டக் கடலில் போட்டிருக்கிற மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைக் கொண்டு முன்னே நகராத வரைக்கும் தகுதி போகாது. மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சலும் அடிக்கலாம். போன முறை நீங்கள் திரும்பியிருக்கவே வேண்டாம், முப்பது விநாடி பிடித்து நின்றுவிட்டுப் போயிருக்கலாம்.

மிதவை அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். அதைத் தேடித் தலையைத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து, இன்னும் களைப்பீர்கள். இறங்குவதற்கு முன் கரையில் நின்று, மிதவைக்கு நேர் பின்னால் தெரிகிற உயரமான ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் இப்போது உயரமான கட்டடத்துக்குப் பஞ்சமா? எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள், முதலை போல.

கடல் பயிற்சிக்கு நவம்பர் கடைசி தொடங்கி ஏப்ரல் வரைதான் நம் பக்கம் ஓரளவு சாந்தமாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த மாதங்களில் "கொஞ்ச தூரம்தானே" என்று இறங்காதீர்கள். எந்த மாதமென்றாலும் தனியாக வேண்டாம். உயிர்காப்பாளரிடம் நீரோட்டம் எப்படி என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். உள்ளே இழுக்கிற ஓட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு திரும்புங்கள்.

சைக்கிள் ஓட இடமே இல்லையே. காலி வீதியில் பஸ்காரன் உரசிக்கொண்டு போகிறான்.

காலி வீதியை மறந்துவிடுங்கள். விடிய ஐந்து மணிக்கு முன் புறப்பட்டு ஆறரைக்குள் வீடு திரும்பினால் மெரின் டிரைவும் நாடாளுமன்றப் பக்கமும் ஓரளவு சரி. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ரயில் பாதையைக் கடக்கும்போது தண்டவாளத்துக்குச் செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள். மழை ஈரத்தில் சரிவாகக் கடந்து தோள்பட்டையை உடைத்த நண்பர் ஒருவர் இருக்கிறார், இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறதாம். கிழமை நாட்களில் வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில், ஓடுங்கள். மின்விசிறியை நேரே வையுங்கள், கீழே பழைய பாயைப் போடுங்கள்.

ஏழு லட்சத்துக்கு ஒரு கார்பன் சைக்கிள் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கட்டா?

வேண்டாம். நல்ல டயர் இரண்டு, உயரத்துக்குச் சரியாக அமைத்த இருக்கை, இவை போதும். உப்புக் காற்றில் ஓடிய பிறகு சங்கிலியைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

போன முறை நிறையத் தண்ணீர் குடித்தேன், தெம்பிலியும் (செவ்விளநீர்) குடித்தேன். ஆனாலும் தலை சுற்றியது, வயிறு ஊதியது. ஏன்? (கொட்டாஞ்சேனை)

நிறையக் குடித்ததாலும் இருக்கலாம் தங்கச்சி. கொழும்புப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைச்சுற்று, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். கடுமையானால் உயிருக்கே ஆபத்து. தெம்பிலி நல்லதுதான், ஆனால் அதில் கூடுதலாக இருப்பது பொட்டாசியம், சோடியம் குறைவு.

உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்து பாருங்கள். நான் செய்தது இது: ஓடப் போகுமுன் எடை 61.4 கிலோ. ஒரு மணித்தியாலம் ஓடினேன், இடையில் 400 மில்லிலீட்டர் குடித்தேன். வந்து துவாயால் துடைத்துவிட்டு நின்றால் 60.3. குறைந்தது 1.1 கிலோ, குடித்தது 0.4, ஆக ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீட்டர் வியர்வை. அவ்வளவையும் திருப்பிக் குடிக்க வயிறு இடம் தராது. நான் மணித்தியாலத்துக்கு 700 மில்லிலீட்டர் அளவில் நிறுத்துகிறேன். ஒரு போத்தலில் தண்ணீர், மற்றதில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூள், பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கரைத்தது. தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் வேறு கணக்கு.

சாப்பாடு என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பந்தயத்தில் மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து, பழகினால் 90 வரை போகலாம். ஓட்டக்காரர் பிழிந்து சாப்பிடுகிற இனிப்பு ஜெல்லின் விலை எல்லாருக்கும் தெரியும். நான் பனங்கட்டியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். 2019இல் வெயிலுக்கு இளகி எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது, கடித்துக் கடித்துத் தின்றேன். எதைச் சாப்பிடுவதானாலும் பயிற்சியில் நாலு தடவை பரிசோதித்த பிறகுதான் பந்தயத்தில்.

ஐயாவின் கேள்வி: வயது 58, பிரஷர் மாத்திரை எடுக்கிறேன். மறுபடி ஓடலாமா?

ஐயா, இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. மருத்துவரிடம் போய், நடந்துகொண்டே எடுக்கிற ஈசிஜி செய்துவிட்டு வாருங்கள். மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள், சில பிரஷர் மாத்திரைகள் இதயத்துடிப்பை உயரவிடாது, கைக்கடிகாரத்து எண்ணை நம்ப முடியாது. நெஞ்சில் இறுக்கம் வந்தால் எந்தப் பந்தயமானாலும் அதே இடத்தில் நிறுத்துங்கள்.

டொரொண்டோவில் இருந்து பந்தயத்துக்காகவே வருகிறேன். பெப்ரவரியில் இங்கே பனி, அங்கே முப்பது பாகை. எத்தனை நாள் முன்னால் வரவேண்டும் மச்சான் என்று கேட்கத்தான் நினைத்தேன், அக்காவிடம் கேட்கிறேன்.

உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அவ்வளவு லீவு இல்லையென்றால் அங்கேயே பயிற்சி முடிந்ததும் சுடுதண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம் இருந்து பழகுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். இங்கே வந்த முதல் மூன்று நாள் சொந்தக்காரர் வீடு வீடாக விருந்து வைப்பார்கள். அதைப் பந்தயத்துக்குப் பின்னால் தள்ளிப்போடச் சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் இடையில் எனக்கு ஒன்பது நிமிடம் போனது!

வீட்டு வாசலில் பழகுங்கள். துவாயை விரித்து, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் கவிழ்த்து, வாரைத் திறந்து வையுங்கள். வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியில் இருந்து எடுக்கலாம், சைக்கிளைத் திரும்ப மாட்டும் வரை கழற்றக்கூடாது. மாறிச் செய்தால் தண்டனை. சப்பாத்துக்கு இழுபடும் (எலாஸ்டிக்) நாடா போடுங்கள். காலில் ஒட்டிய மணலுக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர். பத்துத் தடவை செய்தால் மூன்று நிமிடத்துக்கு வந்துவிடும். என் அயல்வீட்டார் சிரித்தார்கள், பிறகு பிள்ளைகள் கைக்கடிகாரம் பிடித்து நேரம் சொன்னார்கள்.

விடிய தனியாக ஓட அம்மா விடமாட்டா. (பம்பலப்பிட்டி)

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஞாயிறு எங்களோடு வாருங்கள், பெண்கள் ஆறேழு பேர் இருக்கிறோம். முதல் தடவை அம்மாவையும் கூட்டி வாருங்கள். சென்ற வருடம் இப்படிக் காவலுக்கு வந்த ஒரு அம்மா, இப்போது எங்களுக்கு முன்னால் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டுக் காத்திருக்கிறா.

கடைசிக் கேள்வி, பகிடியாக இருந்தாலும் கேட்கிறேன். பந்தயத்துக்கு முதல் நாள் இரவு இடியப்பமா, கொத்து ரொட்டியா?

இடியப்பம். சொதியோடு, சம்பலைக் கொஞ்சமாக. ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். விடிய மூன்றரைக்கு எழும்பி இரண்டு துண்டு பாண், ஜாம், ஒரு கதலி வாழைப்பழம், தேத்தண்ணீர். கொத்து ரொட்டியை முடிவுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முட்டை போட்டது, நானும் வருகிறேன்.