புளியும் செப்புக் காசும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஓஹையோவில் இருக்கிறோம். வங்கியில் பென்னி ரோல் (அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை அடுக்கிச் சுற்றிய சுருள்) வாங்கிப் பிரித்து, பழைய காசு தேடுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நானும் என் பத்து வயது மகனும் அந்த ரோல்கள் ஒரு பெட்டி வாங்கினோம். 1982-க்கு முந்தைய செப்புக் காசுகள் நானூறு தேறின. பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட பழையவை ஆறு, அதில் ஒன்று 1944. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார். தேய்க்கலாமா? செம்பு விலை ஏறிக்கிடக்கிறதே, மற்ற காசுகளை உருக்கி விற்க வழி உண்டா?

எஸ். ஆர்.

அன்புள்ள எஸ். ஆர்.,

முதலில் புளியை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அம்மா சொல்வது குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் சரி. காசுக்கு ஆகாது. நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். தொடங்கிய புதிதில் 1919 காசு ஒன்று கிடைத்தது. சுக்குக் காப்பி நிறம். விளிம்பில் மட்டும் லேசாகச் சிவப்பு. எத்தனையோ கைகள் பட்டுப் பட்டு வந்த வழவழப்பு. புளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்த மாதிரி, வெளிறிய ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை. செம்பு வருடக்கணக்காகக் காற்றுபட்டுத் தானே போர்த்திக்கொண்டது அது. ஒருமுறை போனால் திரும்பாது. தேய்த்த காசு என்று தெரிந்தால் சேகரிப்பவர்கள் விலை பேசவே யோசிப்பார்கள். ரொம்பப் பிசுக்காக இருந்தால் தண்ணீரில் நனைத்து, மெதுவாக ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

உருக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பென்னியையும் நிக்கல் என்கிற ஐந்து சென்ட் காசையும் உருக்கக் கூடாது என்று 2006 டிசம்பரில் தடை வந்தது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. 2025 நவம்பரில் புழக்கத்துக்குப் பென்னி அடிப்பதையே நிறுத்தினார்கள், அப்போதும் இந்தத் தடையை எடுக்கவில்லை. அப்புறம், கணக்கையும் பாருங்கள். செப்புக் காசு ஒன்று 3.11 கிராம். நானூறும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ வராது. ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நட்டமில்லை. ஆனால் செம்பு விலைக்காகக் காசு தேடாதீர்கள்.

1982-க்கு முந்தையவை என்று எழுதியிருக்கிறீர்கள். 1982-ஐயே ஒதுக்கிவிட்டீர்களா? அந்த வருடம் பாதியில்தான் துத்தநாகத்துக்கு மாறினார்கள், அதனால் இரண்டு வகையும் உண்டு. நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தால் செம்பு 3.1 காட்டும், செம்பு முலாம் பூசிய துத்தநாகம் 2.5 காட்டும். தராசு இல்லையென்றால் மேசைமேல் போட்டுப் பாருங்கள். செம்பு கணீரென்று கேட்கும், மற்றது சத்தென்று விழும். இரண்டே நாளில் உங்கள் மகனின் காது பழகிவிடும்.

இப்போது அந்த 1944 காசுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். அதற்கு முந்தைய வருடம், 1943-இல், தோட்டாவுக்கும் மற்ற போர்ச் சாமான்களுக்கும் செம்பு தேவைப்பட்டதால் பென்னியைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். வெள்ளையாக இருந்ததால் பத்து சென்ட் காசு என்று பலர் ஏமாந்தார்கள், சீக்கிரம் துருவும் பிடித்தது. மறு வருடம் செம்பு திரும்ப வந்தபோது, சுட்டு முடித்த தோட்டா உறைகளின் பித்தளையையும் அதில் சேர்த்து உருக்கினார்கள். 1944 முதல் 1946 வரையிலான காசுகளை இன்றும் தோட்டா உறைக் காசு என்றுதான் சொல்கிறார்கள். கடையில் அதற்குச் சில சென்ட்டுக்கு மேல் கிடைக்காது. ஆனாலும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உங்கள் மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்படியே 1943 ஒன்று எப்போதாவது கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள். செம்பு நிறத்தில் 1943 கிடைத்தால் துள்ளுவதற்கு முன்னால் காந்தத்தை நீட்டுங்கள். ஒட்டினால் எஃகுக்கு யாரோ முலாம் பூசியது.

பெட்டி கேட்டால் இப்போது பல வங்கிகளில் கைவிரிக்கிறார்கள், அதனால் கிடைக்கும்போது வாங்கிவிடுங்கள். பார்த்து முடித்ததை வாங்கிய கிளையிலேயே கொட்டாதீர்கள், வேறு வங்கியில் கட்டுங்கள். இல்லையென்றால் அதே காசுகள் உங்களிடமே திரும்பி வரும், கவுண்டரில் இருப்பவருக்கும் அலுத்துப்போகும்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்த 1944-க்குக் கீழே, காசு அடித்த ஊரைக் காட்டும் எழுத்து ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லையென்றால் பிலடெல்பியா, எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, டி என்றால் டென்வர். டி இருந்தால் பூதக்கண்ணாடியில் நன்றாகப் பாருங்கள். அந்த வருடம் எஸ் எழுத்தின் மேலேயே டி குத்திய அச்சு ஒன்று உண்டு, அதில் டி-யின் தலைக்கு மேல் எஸ்-இன் நுனி எட்டிப் பார்க்கும். இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.