வாசகர் கேள்வி – பதில்: கணக்குப் புதிர்களின் ஈர்ப்பு

கேள்வி: பள்ளியில் கணக்குப் பாடம் எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனால், கடினமான புதிர் ஒன்று கிடைத்துவிட்டால் மற்ற வேலைகளை மறந்து அதிலேயே ஆழ்ந்துவிடுகிறேன். இரண்டும் கணிதம்தானே, இந்த வேறுபாடு எதனால்?

பதில்: பாடப் பயிற்சியில் வழி முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். இருபடிச் சமன்பாடு என்ற தலைப்பின் கீழ் வரும் கணக்குகள் அனைத்தையும் எந்தச் சூத்திரத்தால் தீர்க்க வேண்டும் என்பது, கணக்கைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது பிழையில்லாமல் செய்து முடிக்கும் உழைப்பு மட்டுமே. புதிரிலோ வழி எது என்பதுதான் கேள்வி.

தத்துவ அறிஞர் மாக்ஸ் பிளாக் 1946-இல் முன்வைத்த புதிரை எடுத்துக்கொள்வோம். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில், எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டை வெட்டி எடுத்துவிடுகிறோம். அடுத்தடுத்து அமைந்த இரண்டு கட்டங்களைச் சரியாக மூடக்கூடிய சில்லுகள் 31 நம்மிடம் உள்ளன. ஒரு சில்லின் மேல் இன்னொன்று படாமல், மீதமுள்ள 62 கட்டங்களையும் அவற்றால் மூட முடியுமா? முழுப் பலகையை 32 சில்லுகளால் மூடுவதற்கு 1,29,88,816 வழிகள் இருப்பதால், இரண்டு மூலைகள் போனாலும் ஏதாவது ஒரு வழி மிஞ்சியிருக்கும் என்றே எவருக்கும் தோன்றும். முயன்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டங்கள் ஒட்டாமல் தனித்து நின்றுவிடும். தம் திறமையில்தான் குறை என்று எண்ணி அவர் மீண்டும் தொடங்குவார்.

விடை, எண்ணிக்கையில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. எந்தச் சில்லை எங்கே வைத்தாலும் அது ஒரு கறுப்புக் கட்டத்தையும் ஒரு வெள்ளைக் கட்டத்தையுமே மூடும். எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம் கொண்டவை. ஆகவே, அவற்றை எடுத்தபின் ஒரு நிறத்தில் 32 கட்டங்களும் மற்றொன்றில் 30 கட்டங்களும் எஞ்சுகின்றன. 31 சில்லுகளுக்கு இரு நிறத்திலும் 31 வேண்டும். எனவே, முடியாது. கோடிக்கணக்கான முயற்சிகள் ஒவ்வொன்றும் தோற்றே தீரும் என்பதை, ஒன்றைக்கூடச் செய்து பார்க்காமல் மூன்று வாக்கியங்களில் உறுதிப்படுத்திவிடுகிறோம். வேறு எந்தத் துறையிலும் இவ்வளவு சிறிய உழைப்பில் இவ்வளவு முழுமையான உறுதி கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதே புதிரை நிறமே இல்லாத வெறும் கட்டப் பலகையில் கொடுத்தால் பலமடங்கு கடினமாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போது நிறம் பூசும் எண்ணமே விடுவிப்பவரிடமிருந்து வர வேண்டியிருக்கிறது. கேள்வியில் இல்லாத ஒன்றை நாமாகக் கொண்டுவந்து சேர்க்கும் அந்த இடத்தைத்தான் நான் படைப்புச் செயல் என்பேன். உங்களை இழுப்பதும் அதுவாகவே இருக்கும்.

கேள்வி: அந்தச் சதுரங்கப் பலகைப் புதிரை நானும் அறிவேன். ஆனால், நீக்கப்படும் இரண்டு கட்டங்களும் வெவ்வேறு நிறமாக இருந்தால்? எண்ணிக்கை பொருந்திவிடுகிறது, அதனாலேயே எப்போதும் மூடிவிட முடியும் என்று சொல்லலாமா?

பதில்: எண்ணிக்கை பொருந்துவதால் மட்டும் சொல்ல முடியாது, ஆனால் எப்போதும் முடியும் என்பது உண்மை. இதற்கு ரால்ஃப் கோமரி என்ற கணித அறிஞர் தந்த நிறுவல், முன்னதைவிடவும் அழகானது என்பது என் கருத்து.

முதல் வரிசையின் இடது மூலையில் தொடங்கி வலது ஓரம் வரை செல்லுங்கள். ஒரு வரிசை கீழிறங்கி, இடது ஓரத்துக்கு முந்தைய கட்டம் வரை திரும்பி வாருங்கள். மறுபடியும் கீழிறங்கி வலப்புறம் செல்லுங்கள். இப்படியே வளைந்து வளைந்து எட்டாம் வரிசைக்கு வந்ததும், இந்த முறை இடது மூலை வரை போய், இதுவரை தொடாமல் விட்ட முதல் நெடுவரிசை வழியாக மேலேறினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். 64 கட்டங்களையும் ஒரே ஒரு முறை மட்டும் தொட்டுச் செல்லும் மூடிய பாதை அது; அதில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருகின்றன. அந்தப் பாதையிலிருந்து ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எங்கிருந்து எடுத்தாலும் அது இரண்டு துண்டுகளாகும். எடுத்தவை அடுத்தடுத்த கட்டங்களாக இருந்தால் ஒரே துண்டாக நிற்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு நிறத்தில் தொடங்கி மற்ற நிறத்தில் முடிவதால், அதிலுள்ள கட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படை. பிறகென்ன, பாதையை ஒட்டியே சில்லுகளை வரிசையாக அடுக்கிச் செல்ல வேண்டியதுதான்.

முடியாது என்று காட்ட நிறம் போதுமானதாக இருந்தது. முடியும் என்று காட்டப் பாதை ஒன்று தேவைப்பட்டது. ஒரு புதிர் தீர்ந்த இடத்தில் உங்களைப் போல ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டதனால் கிடைத்த பலன் இது.

கேள்வி: அரை மணி நேரம் முயன்றும் பிடிபடாவிட்டால் விடையைப் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம், குற்றமில்லை. ஆனால், விடை முழுவதையும் படித்துவிடாமல் முதல் வரியோடு நிறுத்தி, மீதியை நீங்களே முடிக்கப் பாருங்கள். நல்ல புதிருக்கு அரை மணி நேரம் போதாது என்பதும் உண்மை. ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது, முதலில் பிடித்துக்கொண்டிருந்த தவறான வழி தானாகவே கைநழுவிப் போயிருக்கும்.

கேள்வி: என் மகள் பள்ளித் தேர்வுகளில் கணிதத்தில் முழு மதிப்பெண் பெறுகிறாள். கணித ஒலிம்பியாட் வினாக்களைக் கொடுத்தால் முதல் வரியே எழுத வரவில்லை என்கிறாள். இந்தத் திறன் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா?

பதில்: முதல் வரி வராதது அந்தப் போட்டியில் இயல்பான நிலை. 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேச கணித ஒலிம்பியாடில், இரண்டு நாள்களில், நாளொன்றுக்கு நாலரை மணி நேரத்தில், மொத்தம் ஆறே வினாக்கள் தரப்படுகின்றன. ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்பதே, திகைத்து உட்கார்ந்திருப்பதற்கும் அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும்.

1988-ஆம் ஆண்டின் ஆறாவது வினா இன்றும் பேசப்படுகிறது. a, b என்ற இரு மிகை முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, அதை அவற்றின் பெருக்கற்பலனோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுக்கும்போது மீதியில்லாமல் வந்தால், அந்த ஈவு ஒரு முழு வர்க்கமாகவே இருக்கும் என்று நிறுவ வேண்டும். 2, 8 என்ற எண்களை எடுத்தால் 68-ஐ 17-ஆல் வகுத்து 4 கிடைக்கிறது. முழு மதிப்பெண்ணுக்கு அதை முடித்தவர்கள் 11 மாணவர்கள். அதன் மையக் கருத்துக்குப் பள்ளிப் பாடத்தின் இருபடிச் சமன்பாடே போதும்: விதிக்கு மாறான ஓர் இணை இருப்பதாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து அதைவிடச் சிறிய இன்னோர் இணையை உருவாக்க முடிகிறது; மிகை முழு எண்களில் முடிவில்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போக இயலாது; எனவே, அப்படியோர் இணை இருக்கவே முடியாது.

இந்த இறங்கும் உத்தியை ஒருமுறை பார்த்தவருக்கு அடுத்த முறை அது நினைவுக்கு வரும். ஆகவே, பழக்கத்தின் பங்கு மிகப் பெரியது. ‘புதுமையாகச் சிந்தி’ என்ற அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை. எட்டுக்கு எட்டுப் பலகையை விட்டு இரண்டுக்கு இரண்டில் தொடங்கிப் பார்ப்பது, எல்லாம் மாறும்போதும் மாறாமல் நிற்பது எது என்று தேடுவது போன்ற திட்டமான பழக்கங்களே உதவும். எல்லாரையும் முதல் வரிசைக்குப் பழக்கம் கொண்டுசேர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் வரியை எழுத அது நிச்சயம் போதும்.

கேள்வி: ராமானுஜன் ஒரு பத்திரிகைப் புதிரைக் கேட்ட மாத்திரத்தில் தீர்த்தாராமே?

பதில்: ஆம். 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த புதிரை, கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பராக இருந்த பி. சி. மகாலனோபிஸ் அவருக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் இடப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் உள்ளன. அந்த வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் சிறிது முயன்று விடையைக் கண்டிருந்தார்: 288 வீடுகளில் 204-ஆவது. ராமானுஜனோ, ஒரு தொடர்பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு கோவையைச் சொல்லி, 50, 500 என்ற வரம்பே இல்லாமல் எல்லா விடைகளையும் ஒருங்கே கொடுத்துவிட்டார். 8 வீடுகளில் 6, 49-இல் 35, 288-இல் 204, 1681-இல் 1189 என்று அவை முடிவில்லாமல் நீளும். ஒரு விடையை ஆறால் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவருடைய வேகத்தைக் காட்டிலும், கேட்டதற்கு மட்டும் விடை சொல்வதில் அவருக்கு நிறைவு வராததே எனக்கு வியப்பாக இருக்கிறது.

கேள்வி: இந்த வாரம் யோசிக்க ஒரு புதிர் தாருங்கள்.

பதில்: சம அளவுள்ள 27 சிறு கனசதுரங்களை அடுக்கி, மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்ற பெரிய கனசதுரம் ஒன்று செய்யப்பட்டிருக்கிறது. ஒரு புழு மூலையில் உள்ள சிறு கனசதுரத்தைத் துளைக்கத் தொடங்குகிறது. ஒன்றைத் துளைத்தபின், அதனோடு முழு முகம் ஒட்டியிருக்கும் மற்றொன்றுக்கு மட்டுமே அது செல்லும். ஒருமுறை துளைத்ததற்குள் மீண்டும் நுழையாது. 27 கனசதுரங்களையும் துளைத்து, கடைசியாக நட்டநடுவில் உள்ளதில் அது வந்து முடிக்க முடியுமா? முடியும் என்பவர்கள் பாதையையும், முடியாது என்பவர்கள் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்; வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ விடைகள் ஏற்கப்படமாட்டா.