கிளினிக் நோயாளிகளை வைத்து எல்லை போடாதீர்கள்
திருகோணமலை மக்களுக்கென்று ஹீமோகுளோபின் இயல்பளவு வகுக்க, கிளினிக்குக்கு வந்த 60 பேரின் முடிவுகள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, அவர்கள் நோயாளிகள். இரத்ததானம் செய்தவர்களும் சரிவர மாட்டார்கள். அளவு குறைந்தவர்களை அங்கே முதலிலேயே திருப்பி அனுப்பிவிடுவதால் கீழெல்லை பொய்யாக உயர்ந்து நிற்கும். மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று ஊருக்குள் போய்ச் சுகமாக இருப்பவர்களைத் தேடுங்கள். ஆண்கள் 120, பெண்கள் 120. கர்ப்பிணிகள், தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமக்கும் கடத்திகள் வேண்டாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வசதியிருந்தால் இரும்புச்சத்துக் குறைந்தவர்களையும் கழித்துவிடுங்கள். எல்லாரையும் கால் மணி நேரம் உட்காரவைத்தே இரத்தம் எடுங்கள். படுத்திருந்தால் அளவு இறங்கும். அப்புறம் முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடு 95 சதவீதம்தான் எல்லை. அவ்வளவு ஆள் கிடைக்காதா? சரி, இப்போதிருக்கும் எல்லையை ஆண், பெண் தனித்தனியே சுகமான தலா 20 பேரில் சரிபாருங்கள். ஒவ்வொரு 20 பேரிலும் இரண்டு பேருக்கு மேல் அந்த எல்லைக்கு வெளியே போகாவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.