வெப்பப் பரிமாற்றி வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஷெல் அண்ட் டியூப் (உருளைக் கூட்டுக்குள் குழாய்க் கற்றை), பிளேட் (அடுக்கிய மெல்லிய தகடுகள்) இரண்டு வகையும் டிசைன் செய்கிறேன். நீர், எண்ணெய், நீராவி பற்றிக் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: சார், மணிக்கு 10 கனமீட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாக்க வேண்டும். 80 டிகிரி வெந்நீர் கையில் இருக்கிறது. பிளேட்டா, ஷெல் அண்ட் டியூபா?

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மணிக்கு 10,000 கிலோ, 30 டிகிரி ஏற்றம் என்றால் சுமார் 348 கிலோவாட். வெந்நீர் 80ல் வந்து 65ல் வெளியேறட்டும். அதற்கு மணிக்கு 20 கனமீட்டர் வெந்நீர் வேண்டும். பம்ப் அவ்வளவு தருமா என்று பாருங்கள். எதிரெதிர் ஓட்டத்தில் ஒரு முனையில் 20 டிகிரி வித்தியாசம், மறுமுனையில் 35. இந்த இரண்டின் மடக்கைச் சராசரி, அதாவது கணக்குக்கு எடுக்கும் சராசரி வித்தியாசம், ஏறக்குறைய 27.

பிளேட்டில் சுத்தமான நீருக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 4,000 வாட் கடக்கும் என்று வைக்கலாம். அப்போது பரப்பு மூன்றேகால் சதுர மீட்டர் போதும். ஷெல் அண்ட் டியூபில் அதே எண் 1,000 அளவில்தான் வரும். 13 சதுர மீட்டர் ஆகிவிடும். இரண்டு பக்கமும் சுத்தமான நீர்தான் என்றால் பிளேட் எடுங்கள். ஆனால் பிளேட்டுகளுக்கு இடையே இருப்பது சில மில்லிமீட்டர் சந்துதான். நீரில் நாரோ மணலோ வந்தால் அடைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கட்டாயம்.

கேள்வி: ஐயா, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் துருப் பிடிக்காதுதானே?

நீரில் குளோரைடு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு? இந்த இரண்டும் தெரியாமல் யாரும் "ஆமாம்" சொல்லக் கூடாது. குளோரைடு 316ஐ மேலெல்லாம் அரிக்காது. ஊசி முனை அளவில் ஓர் இடத்தில் குழி தோண்டும். கேஸ்கெட்டுக்கு (பிளேட்டுகளுக்கு இடையே உள்ள ரப்பர் அடைப்பு) அடியில், நீர் தேங்கும் இடுக்கில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். பிளேட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் அளவுதான். குழி மறுபக்கம் போய்விட்டால் இரண்டு திரவமும் கலக்கும். வெளியே ஒரு சொட்டும் கசியாததால் கண்டுபிடிக்கவே நாளாகும். வெப்பம் ஏற ஏற, தாங்கக்கூடிய குளோரைடு அளவு குறைந்துகொண்டே போகும். கடல்நீர் என்றால் பேச்சே இல்லை, டைட்டானியம்.

அறிக்கையில் குளோரைடு, கடினத்தன்மை, பிஹெச், சிலிக்கா, மிதக்கும் துகள் ஐந்தும் இருக்கட்டும்.

கேள்வி: 500 கிலோவாட் பிளேட் தோராயமா என்ன விலை ஆகும்?

இரண்டு பக்க ஓட்டம், நான்கு வெப்பநிலைகள், அனுமதிக்கும் பிரஷர் டிராப் (உள்ளே போய் வெளியே வருவதற்குள் குறையும் அழுத்தம்), நீர் அறிக்கை. இவை இல்லாமல் விலை சொல்ல முடியாது.

கேள்வி: அம்மோனியா குளிரூட்டும் அமைப்புக்கு பிரேஸ்டு பிளேட் சரிப்படுமா?

செம்பால் பிரேஸ் செய்தது (செம்பை உருக்கிப் பிளேட்டுகளை ஒட்டியது) கூடவே கூடாது, அம்மோனியா செம்பைத் தின்றுவிடும். நிக்கல் பிரேஸ் அல்லது வெல்டிங் செய்த பிளேட் கேளுங்கள்.

கேள்வி: ஃபேன் வைத்துக் காற்றால் குளிர்விக்கும் வகை?

என் துறை இல்லை. அதையே செய்கிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஷெல் அண்ட் டியூபில் அழுக்கான திரவம் எந்தப் பக்கம் போகணும்?

டியூபுக்குள். மூடியைக் கழற்றி பிரஷ் விட்டுத் தேய்க்கலாம். இரண்டு டியூப் ஷீட்டையும் (டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் தகடு) ஷெல்லோடு வெல்டிங் செய்துவிட்ட வகையில், ஷெல் பக்கத்துக்கு பிரஷ் போகவே வழியில்லை, கெமிக்கல் மட்டும்தான். டியூப் கற்றையை வெளியே இழுக்கும் வகையாக வாங்கினால், முன்னால் அதே நீளத்துக்குக் காலி இடம் விடுங்கள். சுவர் எழுப்பிய பிறகு இதை யோசித்துப் பயனில்லை.

கேள்வி: சார், கூலிங் டவர் நீர் என்பதால் பாதுகாப்புக்கு டெமா (டியூப் வகைத் தயாரிப்பாளர் சங்கம்) ஃபவுலிங் எண்ணை, அதாவது அழுக்குப் படிவுக்கு ஒதுக்கும் தடையை, போட்டு பிளேட் கேட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. நீர் அறிக்கைக்கு அடுத்தபடியாக எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது இதைத்தான். சுத்தமான பிளேட்டில் 5,000 வாட் கிடைக்கிறது என்றால் வெப்பத்துக்கு உள்ள மொத்தத் தடை 1/5,000, அதாவது 0.0002. டெமா எண் ஷெல் அண்ட் டியூபுக்கு உரியது. பதப்படுத்திய கூலிங் டவர் நீருக்கு சுமார் 0.00018. இரண்டு பக்கமும் அதைச் சேர்த்தால் தடை 0.00056. பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும்! அத்தனை பிளேட்டுக்கும் அதே நீரைப் பங்கிட்டால் ஒவ்வொரு சந்திலும் வேகம் விழுந்துவிடும். வேகம் பாதியானால் சுவரை உரசிக் கழுவும் விசை ஏறக்குறைய கால்பங்குதான். அழுக்கு படியாமல் என்ன செய்யும்? படியும் என்று பயந்து போட்ட பரப்பே படிய வைக்கிறது. பிளேட்டுக்கு 10, 15 சதவீதம் கூடுதல் போதும்.

கேள்வி: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். நான் பராமரிப்பில் இருக்கிறேன். பெரிதாக வாங்கினால்தான் அடிக்கடி கழற்றாமல் ஓட்டலாம்.

உங்கள் கவலை நியாயமானதுதான், கழற்றி மாட்டும் பாடு உங்களுக்குத்தான். ஆனால் பெரிய யூனிட்டில் வால்வைக் கிள்ளித்தானே ஓட்டுகிறீர்கள்? அப்போது கூலிங் நீர் வேகம் இன்னும் குறைகிறது. நீர் அதிக நேரம் உள்ளே நின்று அதிகம் சூடாகிறது. கால்சியம் கார்பனேட் சூட்டில் கரைவது குறையும், அதனால் சூடான பிளேட்டிலேயே படியும். முதல் சில மாதம் நன்றாக ஓடுவது கூடுதல் பரப்பு மறைப்பதால்தான். வெளியேறும் வெப்பநிலை மாறும்போது படிவு கெட்டியாகிவிட்டிருக்கும். இரண்டு பக்கமும் பிரஷர் கேஜ் வைத்து டிராப்பைக் குறித்துவாருங்கள். அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

கேள்வி: நீராவியிலும் அப்படியா?

இன்னும் மோசம். பரப்பு அதிகம் என்றால் குறைந்த லோடில் கன்ட்ரோல் வால்வு மூடிக்கொண்டே போகும். உள்ளே நீராவி 100 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அழுத்தம் வளிமண்டலத்துக்கும் கீழே. ஸ்டீம் ட்ராப் (நீரை மட்டும் வெளியே விடும் வால்வு) வழியாகக் கண்டன்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்த நீரை, தள்ள ஆளில்லை. அது உள்ளே தேங்கி, அடுத்து நீராவி வரும்போது படபடவென்று அடிக்கும். கேஸ்கெட்டும் டியூப் மூட்டும் தளர்ந்துவிடும்.

கேள்வி: 1,000 கிலோவாட் என்ன விலை?

மேலே சொல்லியாயிற்று. படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பராமரிப்பு ஆள்தான் சார். ஏற்கெனவே பெரிதாக வாங்கிவிட்டோம். இப்போ என்ன செய்ய?

கேஸ்கெட் வகைதானே? பிளேட்டைக் குறைக்கலாம். இரட்டைப்படை எண்ணிக்கையில் எடுங்கள், இரண்டு பக்கச் சந்துகளும் அப்போதுதான் சமமாகக் குறையும். முதல் பிளேட்டையும் கடைசியையும் தொடாதீர்கள், அவை தனி. பிரிக்குமுன் பேக்கின் பக்கவாட்டில் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள், மாற்றி அடுக்கினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பெயர்ப்பலகையில் உள்ள இறுக்க அளவு பழைய எண்ணிக்கைக்கு உரியது. புதிய அளவைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கி, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதற்குமுன் புதிய ஓட்டத்துக்கு பம்ப் ஹெட் (பம்ப் தரும் அழுத்தம்) போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிரஷர் டிராப் கூடும்.