வேளாண் மண்டலத்தில் குழாய் பதிக்கலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் வயல் வரப்பில், எரிவாயுக் குழாய் பதிப்பதற்கென்று அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இதற்கு அனுமதி உண்டா?

பதில்: கதிர் வாங்கும் பயிருக்கு நடுவே கல்லைப் பார்ப்பவரின் வேதனை புரிகிறது. இந்த மண்டலத்துக்கான தமிழக அரசின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய், எரிவாயு துரப்பணம் (துளையிட்டு எடுத்தல்) போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கத்தான் தடை விதிக்கிறது. சாலை, மின்சாரம், குழாய்ப் பாதை போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அதிலேயே விலக்கு அளிக்கப்பட்டிருப்பது, என் பார்வையில், அச்சட்டத்தின் பெரிய ஓட்டை.

எனினும் உங்களுக்கு வழி இருக்கிறது. குழாய்ப் பாதைக்கான 1962ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அரசிதழ் அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாள்களுக்குள் இதற்கென மத்திய அரசு அதிகாரம் அளித்த தகுதி பெற்ற அலுவலரிடம் ஆட்சேபணையை எழுத்து மூலம் அளிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். நிலத்தின் உரிமை உங்களிடமே இருக்கும், சாகுபடியும் செய்யலாம். ஆனால் குழாய் செல்லும் நிலப் பட்டையில் கட்டடம் எழுப்பவோ, கிணறு தோண்டவோ, மரம் நடவோ முடியாது. குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்காகச் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிர்ச் சேதத்துக்குத் தனி இழப்பீடும் உண்டு. தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியை அணுகலாம். பணி தொடங்கும் முன்பே பயிரைத் தேதியுடன் படமெடுத்து, அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.