விளையாட்டுக் காட்சிகளை வைத்து மனித வாழ்வைப் பேசும் சமகாலக் கலைஞர் யாராவது உண்டா?

உண்டு. பால் ஃபைஃபர் என்று தேடிப் பாருங்கள். 1966இல் ஹவாயின் ஹொனலூலுவில் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியைப் பிலிப்பைன்ஸில் கழித்த அமெரிக்கக் கலைஞர். கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துத் தீர்த்த ஆட்டக் காட்சிகளை எடுத்துக்கொள்வார். பிறகு கணினியில் அமர்ந்து, ஒவ்வொரு ஃபிரேமாக எதையாவது அழிப்பார். சேர்ப்பது குறைவு, நீக்குவதே அதிகம்.

நான் முதலில் பார்த்தது 1999இல் அவர் செய்த வீடியோ. கூடைப்பந்து வீரர் லாரி ஜான்சன் வாய் பிளந்து கத்துகிறார். பந்து இல்லை, உடன் ஆடுகிறவர்கள் இல்லை, சட்டையில் எழுத்தும் எண்ணும் இல்லை. பின்னால் கேமரா ஃபிளாஷ்கள் வெட்டிக்கொண்டிருக்கின்றன. ஒலியே கிடையாது. சில நொடிக் காட்சிதான், ஆனால் முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கிவிடும். முதல் சில சுற்றுகளில் அது வெற்றிக் களிப்பு என்றே நினைத்தேன். இருபதாவது சுற்றில் யாரோ அவரைச் சித்திரவதை செய்வதுபோல் இருந்தது. படத்தில் இம்மியும் மாறவில்லை. ஃபிரான்சிஸ் பேக்கன் 1950இல் வரைந்த சிலுவையேற்ற ஓவியத்தின் தலைப்பையே இதற்கும் வைத்திருக்கிறார். கொஞ்சம் கனமான தலைப்பு என்று முதலில் தோன்றியது. அந்த வாயை உற்றுப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இத்தனையும் கையளவுப் படமாகத்தான் சுவரில் விழும். பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும்.

அடுத்தது 'தி லாங் கவுன்ட்'. முகமது அலியின் மூன்று புகழ்பெற்ற குத்துச்சண்டைகள்: 1964இல் லிஸ்டனுடன், 1974இல் ஃபோர்மனுடன், 1975இல் ஃபிரேசியருடன். மூன்றிலும் சண்டையிடுகிற இருவரையும் அழித்துவிட்டார். வெறும் மேடை. ஆனால் முழுமையாக வெறுமை அன்று. உடல்கள் இருந்த இடத்தில் காற்று கானல்போல் நெளிகிறது, யாரும் சாயாமலே கயிறுகள் வளைகின்றன. சுற்றிலும் ஆயிரக்கணக்கான முகங்கள் அந்த இல்லாமையை வெறித்துக்கொண்டிருக்கின்றன. ஃபிரேசியருடனான சண்டையில் பதினான்காவது சுற்றோடு போதும் என்று ஃபிரேசியரின் பயிற்சியாளரே நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி ஒருவரையொருவர் உருக்குலைத்துக்கொண்ட இருவர் காணாமல் போனபின் எஞ்சுவது நாம்தான், பார்க்க வந்தவர்கள்.

கூடைப்பந்து வீரர் ஒருவர் மட்டும் அந்தரத்தில் தொங்கும் ஃபைஃபரின் புகைப்பட வரிசையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. அழகு கூடிப்போய், உறுத்தல் குறைந்துவிட்டது.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது 2007இல் செய்த 'தி செயின்ட்ஸ்'. 1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம், வெம்பிளி மைதானம், இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என வென்ற ஆட்டம். பெரிய வெற்று அறைக்குள் நுழைகிறோம்; மைதானத்தின் ஆரவாரம் காதை அடைக்கிறது. ஆனால் அது லண்டன் கூட்டத்தின் குரல் அன்று. மணிலாவில் ஒரு திரையரங்கில் ஆயிரம் பேரைக் கூலிக்கு அமர்த்தி, அந்த ஆட்டத்துக்கான கூச்சலை எழுப்பவைத்துப் பதிவு செய்திருக்கிறார். தங்கள் நாடு ஆடாத, முடிவு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட ஆட்டம். கூலிக்குக் கத்தும் தொண்டையில் எங்காவது பொய் தட்டுப்படும் என்று காது கொடுத்துக் கேட்டேன். என்னால் பிரித்தறிய முடியவில்லை. சொந்த அணிக்காக நான் தொண்டை கட்டக் கத்திய நாட்களின் ஒலியும் இப்படித்தான் இருந்திருக்கும்.

புதிதாகப் பார்க்கிறவர் என்றால் 'தி லாங் கவுன்ட்'டில் தொடங்குங்கள். ஆனால் அதற்கு முன் அலி–ஃபிரேசியர் சண்டையின் அசல் பதிவை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அழிக்கப்பட்டது யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.