சேம அச்சு (வாசகர் கடிதம்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இரண்டு வருடமாக ஒரு மிகுபுனைவு நாவலுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து திணைகளை ஐந்து நாடுகளாக்கியிருக்கிறேன். வரைபடம், 300 ஆண்டு வம்சாவளி, 36 எழுத்துள்ள ஒரு தனி லிபி எல்லாம் தயார். நாயகன் தீயை ஆளும் பாலை நாட்டு இளவரசன். ஆனால் முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் நகரவில்லை. உலகத்தை இன்னும் முழுமையாக உருவாக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. மந்திர சக்திக்கான விதிகளை எவ்வளவு கறாராக வைக்க வேண்டும்? பெயர்கள் தூய தமிழில்தான் இருக்க வேண்டுமா? ஒரு உலகம் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 40 பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

ர.

அன்புள்ள ர.,

இணைப்போடு வரும் கடிதங்களை நான் திறப்பதில்லை. உங்களுடையதைத் திறந்தேன், 40 பக்கத்தையும் படித்தேன். போன வாரம் முழுக்க ஒரு லாரி ஸ்டெப்னியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அதற்கும் உங்கள் நாவலுக்கும் சம்பந்தம் உண்டு, வருகிறேன்.

மந்திர விதி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அது உங்கள் பாடு. பெயர் வாயில் நுழைந்தால் போதும். இளவரசனுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லி ஒரு தாய் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டால் சோறு ஆறிவிடும். அவள் அதை எப்படிச் சுருக்குவாள் என்று பாருங்கள், அதுதான் அவன் பெயர். 36 எழுத்து லிபி அழகாக இருக்கிறது. ஆனால் 40 பக்கத்தில் அந்த லிபியில் யாரும் ஒரு கடன் சீட்டுகூட எழுதவில்லையே அப்பா.

திணை விஷயத்தில் எனக்குக் கோபம். பாலை நாடு என்று மணல்மேடு, ஒட்டகம், மாளிகை எல்லாம் வைத்திருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது அந்த ஒட்டகம்? நம் மரபில் பாலைக்கென்று தனி நிலமே கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன் இயல்பை இழக்கும்போது பாலை ஆகிறது, மழை பெய்தால் பாலை இல்லை. கோடையில் மட்டும் இருக்கும் ஒரு நாடு! அதற்கு ஒரு ராஜா இருந்தால் ஐப்பசியில் அவன் எங்கே போவான், யாருக்கு வரி கேட்பான்? இப்படி ஒரு சரக்கை வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டு சினிமாவில் பார்த்த மணலை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சரி, திட்டியது போதும். என் மேசை இழுப்பறையிலும் 17 அரசர்கள் கொண்ட ஒரு வம்சாவளி கிடக்கிறது, 20 வருடமாக. கதை கிடையாது.

உங்கள் குறிப்பில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். உப்பு. ஒரு இடத்தில்கூட இல்லை. சிம்மாசனம் 31 இடத்தில் இருக்கிறது. நெய்தல் நாட்டுக்கும் குறிஞ்சி நாட்டுக்கும் நூறு வருடமாகப் போர், எல்லை மூடப்பட்டுவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் மலையில் நூறு வருடமாகக் குழம்பு வைத்தது எதைப் போட்டு?

சங்கப் பாட்டில் உமணர்கள் வருகிறார்கள், கடற்கரை உப்பை வண்டி வண்டியாக உள்நாட்டுக்குக் கொண்டு போகிறவர்கள். நெல்லுக்குச் சரிக்குச் சரியாக உப்பு அளந்து விற்றிருக்கிறார்கள். புறநானூற்றில் ஔவை பாடிய ஒரு பாட்டு, 102ஆவது, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. மாடுகள் இளசு, நுகத்தடி பழக்கமில்லை. வண்டியில் பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகுமென்று யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிவைப்பார்களாம். சேம அச்சு. நீ அதைப் போன்றவன் என்கிறாள் ஔவை. இளவரசனை! பின்னாலேயே முழுநிலவும் வருகிறது, ஆனால் நிலவு எல்லா ராஜாவுக்கும் கிடைப்பது.

இந்த ஒரு அச்சை விடாமல் பாருங்கள். அது அங்கே தொங்குவதால் எனக்கு எத்தனை தெரிகிறது. பாதை மோசம். பயணம் நீளம். வழியில் தச்சன் இல்லை, இருந்தாலும் நம்ப முடியாது. ஏற்கெனவே பாரம் அதிகமான வண்டியில், இன்னும் கொஞ்சம் உப்பு ஏற்றியிருக்கக்கூடிய இடத்தில், உபயோகப்படாமலே போகக்கூடிய ஒரு மரத்தைச் சுமக்கிறார்கள் என்றால் முன்னால் யாரோ அச்சு முறிந்து காட்டில் நின்றிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் கதையாகத் தெரிந்திருக்கிறது. வரைபடம் கிடையாது, வம்சாவளி கிடையாது, உலகம் மொத்தமும் வண்டிக்கு அடியில் கட்டிக் கிடக்கிறது.

என் தாய்மாமா தூத்துக்குடியிலிருந்து தேனிக்கு உப்பு லோடு அடித்தவர். உப்பு லோடு என்றால் டிரைவர்களுக்கு ஆகாது, கசியும் நீரில் சேஸிஸ் அரித்துப் போகும். மாமா எங்கே வண்டியை நிறுத்தினாலும் இறங்கி அடியில் குனிந்து ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் டீக்குப் போவார். எனக்குப் பதினோரு வயது, அரைப்பரீட்சை லீவு, அடம்பிடித்து ஏறியிருந்தேன். அன்று காலை உப்பளத்து வாசலில் வேறொரு டிரைவர் வந்து ஸ்டெப்னி கேட்டார், மாமா கழற்றிக் கொடுத்துவிட்டார். பழக்கமானவர்கூட இல்லை. எட்டயபுரம் தாண்டி ராத்திரி எங்கள் முன் டயர் வெடித்தது.

பின்னால் ஜோடி டயர், அதில் ஒன்றைக் கழற்றி முன்னால் போடலாம் என்றார் கிளீனர். பின் டயர்கள் ஏற்கெனவே மொழுக்கென்று தேய்ந்திருந்தன, ஒன்பது டன்னை ஒற்றை டயரில் இறக்க மாமாவுக்கு மனசில்லை. தெற்கே மின்னிக்கொண்டிருந்தது. தார்ப்பாயில் இரண்டு இடம் கிழிசல். மாமா ஒன்றும் பேசவில்லை. கிழிசலுக்குக் கீழே தன் லுங்கியையும் என் போர்வையையும் விரித்துக் கட்டிவிட்டு, வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தார். உப்போடு மழையில் மாட்டிக்கொண்டவருக்கு லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சக்கரத்தடியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மூன்று மணி இருக்கும், மதுரைப் பக்கமிருந்து காலி லாரி ஒன்று வந்தது. கை காட்டவில்லை, ஜாக்கியைப் பார்த்து அதுவாக நின்றது. இறங்கி வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: “என்ன லோடு?” உப்பு என்றார் மாமா. அவர் வானத்தைப் பார்த்தார். அவருடைய ஸ்டெப்னி இறங்கியது. மதுரையில் ஒரு பஞ்சர் கடை அடையாளம் சொல்லி, அங்கே போட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டெப்னி எட்டு நாள் கழித்து, மூன்றாவதாக ஒரு ஆள் கையில், புது ஒட்டுப் போட்டு வீடு வந்து சேர்ந்தது.

வண்டி கிளம்பியதும் கேட்டேன், காலையில் ஸ்டெப்னி வாங்கிப் போனவர் திருப்பிக் கொடுக்காவிட்டால்? மாமா சிரித்தார். “ஏட்டி, அப்புறம் அவன் இந்த ரோட்ல எப்படி ஓட்டுவான்?”

இந்தச் சட்டத்தை எந்த ராஜா போட்டான்? உங்கள் 300 வருடத்தில் இப்படி ஒன்று எனக்குத் தென்படவில்லை.

உலகம் தயாராகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வரைபடத்தில் நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு ஒரு புள்ளிக்கோடு போகிறது, பழைய பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் யாரும் போகவில்லை. எல்லை மூடியிருக்கும்போதும் ஒரு வண்டி அதில் உப்பு கடத்திக்கொண்டு போகட்டும். பாதி வழியில் அச்சு முறியட்டும். சேம அச்சை ஏற்கெனவே யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. எதிரே ஒரு வண்டி வருகிறது, அது எதிரி நாட்டு வண்டி. உங்கள் தீக்கார இளவரசன் வேண்டுமானால் உப்பு மூட்டைக்குள் ஒளிந்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதி அனுப்புங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டேன்.